முகவருக்கு ஒரு மடல்

விண்ணப்பம் எழுதாமல் இந்தக் கல்லூரி வாயிலைக் கடந்து வந்தவர் நம்மில் எவரும் இலர். சேர்க்கைக்கு விண்ணப்பம், விடுதிக்கு விண்ணப்பம், உதவித்தொகைக்கு விண்ணப்பம், காய்ச்சல் கண்டால் விடுப்பு விண்ணப்பம். "தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" என்று முடிக்கும் கலை பள்ளியிலேயே நமக்குக் கைவந்துவிடுகிறது. அந்தக் கலை எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதை நான் அறிந்துகொண்டது என் தாய்மாமா எழுதிய நாவலால்தான். ஆங்கில இலக்கியம் பயிலும் முதுகலை மாணவி என்ற முறையில், அவருக்கு உதவப் போய் நான் கற்றதைச் சக மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

மாமா 34 ஆண்டுகள் ஸ்டேஷன் மாஸ்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் மீட்டர்கேஜ் கிளைப்பாதைகளில், நாளைக்கு நான்கு வண்டி நின்று போகும் சிறு நிலையங்களில் இருந்தவர். வண்டிக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட நேரத்தில் டிக்கன்சும் ஹார்டியும் படித்துத் தம் ஆங்கிலத்தை வளர்த்துக்கொண்டார். ஓய்வு பெற்றபின் ஆறு ஆண்டுகள் உழைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்தார். அதை இலண்டனிலோ நியூயார்க்கிலோ பதிப்பிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எடுத்த எடுப்பிலேயே பெரிய பதிப்பகங்கள் நான்குக்கு எழுதினார். இரண்டு இடங்களிலிருந்து ஒரே பதில் வந்தது: 'முகவர் வழியாக வரும் படிகளை மட்டுமே நாங்கள் படிப்போம்.'

இலக்கிய முகவர் என்பவர் யார்?

நம் நாட்டில் தமிழ் நூலை வெளியிட விரும்பும் எழுத்தாளர் பதிப்பாளரை நேரில் காண்கிறார். அல்லது கைப்பிரதியை அஞ்சலில் அனுப்புகிறார். இடையில் ஆள் இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே எழுத்தாளர் சார்பில் நூலைப் பதிப்பாளரிடம் கொண்டு சென்று, விலை பேசி, ஒப்பந்தம் முடித்து, உரிமைத்தொகையை வாங்கித் தருவதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. அத்தொழிலைச் செய்பவரே இலக்கிய முகவர்.

இத்தொழில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் உருவாயிற்று. அதற்கு முன்னோடி என்று சொல்லப்படுபவர் ஏ. பி. வாட். கிப்ளிங்கும் கானன் டாயிலும் அவருடைய எழுத்தாளர்கள். எழுத்தாளருக்கு வரும் வருவாயில் நூற்றுக்குப் பத்து அவர் பெற்ற தரகு. இன்று உள்நாட்டு விற்பனைக்கு நூற்றுக்குப் பதினைந்தும், அயல்நாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்புக்கும் இருபதும் பொதுவான வழக்கம். பதிப்பகம் நூறு பவுன் கொடுத்தால் அது முதலில் முகவரிடம் வரும். அவர் பதினைந்தை எடுத்துக்கொண்டு எண்பத்தைந்தை எழுத்தாளருக்கு அனுப்புவார். எழுத்தாளர் சம்பாதித்தால்தான் முகவருக்கும் சோறு. இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் செய்திகள் பல தாமே விளங்கும்.

முகவர் ஒருவர் கிடைப்பது எழுத்தாளர் வாழ்வில் எத்துணைப் பெரிய திருப்பம் என்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. சென்னையில் 1906-இல் பிறந்த ஆர். கே. நாராயண் தம் முதல் நாவலை இலண்டன் பதிப்பகங்களுக்கு அனுப்ப, அது போன வேகத்தில் திரும்பித் திரும்பி வந்தது. ஆக்ஸ்போர்டில் இருந்த தம் நண்பருக்கு, அக்கைப்பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி மனம் வெறுத்து எழுதினார். நண்பர் ஆற்றில் போடவில்லை. கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனின் பரிந்துரையால் 'சுவாமியும் நண்பர்களும்' 1935-இல் வெளிவந்தது. கிரீனின் முகவரே நாராயணுக்கும் முகவரானார்.

எல்லாருக்கும் ஒரு கிரீன் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர் தமக்குத் தாமே தூது போக வேண்டும். அத்தூதுதான் இக்கட்டுரையின் பொருள். ஆங்கிலத்தில் அதைக் 'குவெரி லெட்டர்' என்பர். "இப்படியொரு நூல் என்னிடம் இருக்கிறது, படித்துப் பார்க்க விருப்பமா?" என்று முகவரை வினவும் மடல் அது. நாம் அதை அறிமுக மடல் எனலாம்.

மாமாவின் முதல் மடல்

மாமா 22 முகவர்களுக்கு மடல் அனுப்பியபின்தான் எனக்குச் செய்தி தெரியும். ஏழு பேர் அச்சடித்தாற்போன்ற இரண்டு வரியில் மறுத்திருந்தனர். பதினைந்து பேரிடமிருந்து பதிலே இல்லை. தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அந்த மடலின் படியை என்னிடம் நீட்டினார்.

"இதுல என்னம்மா குறை? இலக்கணப் பிழை இருந்தா சொல்லு."

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. மடல் மூன்று பக்கம். பெறுநர் பெயர் இல்லாமல் 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்' என்ற விளி. முதல் பக்கத்தில், தம் சிறு வாழ்க்கையில் தாம் மேற்கொண்ட எளிய முயற்சியைத் தங்களைப் போன்ற மேன்மக்கள் கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்ற வேண்டுகோள். இரண்டாம் பக்கத்தில் அவர் பிறந்த ஊர், படித்த பள்ளி, பணிபுரிந்த நிலையங்கள், அத்தை மறைந்த ஆண்டு. மூன்றாம் பக்கத்தில் இலக்கியம் மனித குலத்திற்கு ஆற்றும் தொண்டு. கடைசியில், கையொப்பத்திற்கு மேலே ஒரே ஒரு வரி: 'இந்நாவல் இரயில்வே ஊழியர்களின் வாழ்க்கையைப் பற்றியது.'

ஆறு ஆண்டு உழைப்புக்கு ஒரு வரி! மற்றதெல்லாம் பணிவு. 34 ஆண்டுகள் மேலதிகாரிகளுக்கு எழுதி எழுதிப் பழகிய கை அது. மாறுதல் வேண்டியும், விடுப்பு வேண்டியும், நிறுத்திவைத்த ஊதிய உயர்வு வேண்டியும் எழுதிய அதே நடையில், தம் நாவலுக்கும் ஒரு மனுப் போட்டிருந்தார். மனு என்பது இரக்கத்தைக் கேட்பது. முகவரிடம் இரக்கத்திற்கு என்ன வேலை? நூல் விற்றால்தானே அவருக்குத் தரகு! அவர் அறிய விரும்புவது ஒன்றே: என்ன கதை?

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. "நம்மைப் பத்தி நாமே பெருமையாச் சொல்லலாமா? அது அழகா?" என்று அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

நன்னூல் தந்த விடை

பதில், நான் இளங்கலை பயின்றபோது எழுதிய பாடக்குறிப்பேட்டில் இருந்தது. முதற்பகுதித் தமிழில் எங்களுக்கு நன்னூற் பாயிரம் நடத்திய பேராசிரியர், நூலுக்குப் பாயிரம் எழுதுவோர் கூற வேண்டியவை எட்டு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டார். நூலின் பெயர், ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என மூன்றைச் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர்.

தன் நூலைத் தானே புகழ்வது தகுதியன்று என்றும், ஆசிரியனோ உடன் கற்றவனோ மாணாக்கனோ உரைகாரனோ அதைச் செய்ய வேண்டும் என்றும் பவணந்தி முனிவர் கூறுகிறார். அத்தோடு நிறுத்தினாரா? இல்லை. தன்னைத் தானே எடுத்துரைப்பது குற்றமாகாத இடங்கள் நான்கு என்று அடுத்தே விதிவிலக்கும் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவே. அவையில் வாதிட்டு வெல்லும்போது. எதிரி தன்னைப் பழிக்கும்போது.

முதல் இரண்டையும் பாருங்கள். கண்காணாத ஊரில் இருப்பவருக்கு எழுதும் ஓலை. நம்மை அறியாதவர் முன் நிற்கும் நிலை. அறிமுக மடல் இந்த இரண்டும் சேர்ந்த இடமல்லவா? ஏழு நூற்றாண்டுக்கு முன்பே நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

குறிப்பேட்டைக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "முனிவரே சொல்லிட்டாருன்னா சரி" என்று சிரித்துக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்று மாலையே புதிய மடலைத் தொடங்கினோம்.

மடலின் உறுப்புகள்

மடல் ஒரு பக்கத்திற்கு மேல் போகலாகாது. ஆங்கிலத்தில் 250 முதல் 400 சொற்கள் போதும். அதன் உறுப்புகளை நான் விளங்கிக்கொண்ட வண்ணம் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது விளி. முகவரை அவர் பெயரால் அழைக்க வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை கூடாது. பெயர் தெரிய வேண்டுமானால் அவரைப் பற்றிப் படித்திருக்க வேண்டும். இலண்டனில் நூறு ஆண்டுக்கும் மேலாக வெளிவரும் 'எழுத்தாளர் ஓவியர் ஆண்டுநூல்' முகவர்களின் பட்டியலைத் தருகிறது. முகவர் நிலையங்களும் தங்கள் விதிகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஒருவர் துப்பறியும் கதை மட்டும் எடுப்பார். ஒருவர் குழந்தை நூல் மட்டும் எடுப்பார். சமையல் நூல் எடுப்பவருக்கு நாவலை அனுப்பினால் மறுப்பு வருவது அவர் குற்றமன்று. மாமாவின் 22 பேரில் ஆறு பேர் நாவலே எடுக்காதவர்கள் என்று பின்னர் கண்டோம்.

இரண்டாவது கதை. இதுவே மடலின் உயிர். மடலில் பாதி இதற்கே உரியது. நான்கு கேள்விக்கு இதில் விடை இருக்க வேண்டும். யாருடைய கதை? அவருக்கு என்ன வேண்டும்? குறுக்கே நிற்பது எது? தவறினால் அவர் எதை இழப்பார்? கதையின் முடிவை இங்கே சொல்ல வேண்டியதில்லை. 'உள்ளத்தை உருக்கும்', 'காலத்தை வெல்லும்' என்பன போன்ற அடைமொழிகளும் வேண்டியதில்லை. உருகுவதும் உருகாததும் படிப்பவர் பாடு.

இந்த நான்கு கேள்விகளையும் நான் மாமாவிடம் கேட்டேன். மூன்றுக்கு உடனே விடை சொன்னார். "அவர் எதை இழப்பார் மாமா?" என்று கேட்டபோது மட்டும் பேசாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தூக்கத்தை அம்மா, தூக்கத்தை" என்றார். அன்றிரவு அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள் காலையில் தம் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பகுதியைத் தமிழாக்கித் தருகிறேன்:

'கார்த்திகை மழை இரவு. கிளைப்பாதை நிலையம் ஒன்று. தண்டவாளத்தைப் பார்த்துவரப் போன ரோந்துக் காங்மேன் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. சிறுபாலம் அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று அஞ்சிய இளம் ஸ்டேஷன் மாஸ்டர், முந்நூறு பேருடன் வந்த பாசஞ்சர் வண்டியை நிறுத்திவைக்கிறார். எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்து மெல்ல அனுப்பிவிடும்படி மேலிடம் சொல்கிறது. அவர் மறுக்கிறார். பொழுது விடிகிறது, பாலம் பழுதின்றி நிற்கிறது. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில், பிரசவத்திற்காக நகர மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் ஒருத்தி மூன்றாம் பெட்டியில் இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்தது. விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து, அவர் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கையில், அவர் நிலையத்திற்குப் புதிதாக வந்து சேரும் பாயிண்ட்ஸ்மேன் அந்தக் குழந்தை. தன் தாய் இறந்தது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. சொல்வதா, சொல்லாமல் வீட்டுக்குப் போவதா என்று முடிவு செய்ய அவருக்கு இருப்பது முப்பது நாள்.'

'இரயில்வே ஊழியர்களின் வாழ்க்கையைப் பற்றியது' என்ற வரிக்குள் இத்தனையும் ஒளிந்து கிடந்தது!

மூன்றாவது நூலின் விவரம்: தலைப்பு, வகை, சொற்களின் எண்ணிக்கை. அயல்நாட்டார் பக்கக் கணக்குப் பார்ப்பதில்லை; சொற்கணக்குத்தான். பெரியவர்களுக்கான நாவல் பெரும்பாலும் 80,000 முதல் 1,00,000 சொற்களுக்குள் இருப்பதை விரும்புகின்றனர். மாமாவின் நாவல் 1,60,000 சொற்கள். அந்த எண்ணே பல முகவர்களைப் பயமுறுத்தும் என்றேன். முகம் வாடினார், ஆனால் அன்றே சிவப்புப் பேனாவை எடுத்தார். நாவல் முழுவதும் எழுதி முடித்த பின்னரே மடல் அனுப்ப வேண்டும் என்பதும் விதி. 'பாதி எழுதியிருக்கிறேன்' என்றால் யாரும் கேட்கமாட்டார். வரலாறு, அறிவியல், பயணம் போன்ற கதையல்லாத நூல்களுக்கு மட்டும் முழு நூல் வேண்டியதில்லை. திட்ட வரைவும் மாதிரி அதிகாரங்களும் போதும்.

நான்காவது ஒப்புநூல்கள். நன்னூலார் வழி என்றதும் எல்லை என்றதும் இங்கே ஓரளவு பொருந்தும். இந்நூல் கடையில் எந்த நூல்களுக்குப் பக்கத்தில் நிற்கும், யார் இதை வாங்குவார் என்று முகவருக்குக் காட்டுவது இதன் நோக்கம். அண்மையில் வந்த நூல்கள் இரண்டைச் சொன்னால் போதும். மாமா தம்மை டிக்கன்சோடும் தாகூரோடும் ஒப்பிட்டிருந்தார். மறைந்த மேதைகளோடு ஒப்பிட்டுக்கொள்வது சந்தையைப் பற்றி எதையும் சொல்லாது. தலைக்கனத்தை மட்டும் சொல்லும்.

ஐந்தாவது ஆசிரியர் குறிப்பு. இரண்டு மூன்று வாக்கியம். முன்பு வெளிவந்த எழுத்து இருந்தால் சொல்லலாம். இல்லையென்றால் வருந்த வேண்டாம். 'இது என் முதல் முயற்சி, குறை பொறுத்தருள்க' என்ற அவையடக்கம் கம்பருக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. இந்நூலை எழுத நமக்கு உள்ள உரிமை எதுவோ அதைச் சொல்ல வேண்டும். 'நான் 34 ஆண்டுகள் கிளைப்பாதை நிலையங்களில் மாஸ்டராக இருந்தேன்' என்ற ஒரே வாக்கியம் மாமாவுக்குப் போதுமானதாயிற்று. பிறந்த ஊரும் படித்த பள்ளியும் நீங்கின. அத்தை மறைந்த ஆண்டை நீக்கத்தான் அவர் கை தயங்கிற்று. அத்தையின் பெயரை நாவலின் காணிக்கைப் பக்கத்தில் இடலாம் என்றேன், ஒப்புக்கொண்டார்.

எட்டினுள் பயன் என்ற ஒன்றை மட்டும் நாவலாசிரியர் மடலில் சொல்லாமல் விடுவதே நன்று. 'இந்நாவல் கடமை உணர்வை வளர்க்கும்' என்றால் கதை செத்துவிடும். கதையல்லாத நூலுக்கோ பயன் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசி உறுப்பு முடிவுரை. 'படித்துப் பார்த்தமைக்கு நன்றி. முழு நாவலும் அணியமாக உள்ளது' என்பதோடு நிறுத்திவிட வேண்டும்.

மடலோடு செல்வன

மடலோடு என்னென்ன அனுப்புவது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தில் மடல், கதைச்சுருக்கம், முதல் மூன்று அதிகாரங்கள் என்பது நெடுநாளைய வழக்கம். அமெரிக்காவில் மடலை முதலில் கேட்பர். சிலர் அதோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கம் கேட்பர். கதைச்சுருக்கம் என்பது வேறு. மடலில் வரும் கதைப்பகுதி வேறு. சுருக்கத்தில் முடிவு உட்பட முழுக் கதையையும் ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்லிவிட வேண்டும், மறைத்து வைக்கலாகாது.

முன்பெல்லாம் தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை வைத்து அனுப்புவர். இப்போது பெரும்பாலும் மின்னஞ்சல்; அல்லது இணையப் படிவம். கேட்காத இணைப்பைச் சேர்த்து அனுப்பினால் திறக்காமலே நீக்கிவிடும் முகவர் பலர். ஆகவே ஒவ்வொருவர் விதியையும் படித்து, அவர் கேட்டதை மட்டும் அனுப்ப வேண்டும். நூலக விதிகளைப் படிக்காமல் அபராதம் கட்டும் நமக்கு இது சற்றுக் கடினமே!

அனுப்பும் முறையும் எச்சரிக்கையும்

ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவது தவறில்லை. ஆனால் ஒரே மின்னஞ்சலில் இருபது பேர் முகவரியைப் போட்டு அனுப்புவது அவமதிப்பு. ஆறு ஏழு பேருக்குத் தனித்தனியே அனுப்பிவிட்டுக் காத்திருப்பதே நல்ல முறை. எவரும் அசையவில்லையென்றால் மடலில் குறை என்று கொள்ள வேண்டும். மடலைப் பிடித்துப்போய்ப் பக்கங்களைக் கேட்டவர்கள் பிறகு மறுத்தால், குறை பக்கங்களில் என்று கொள்ள வேண்டும். ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் திருத்திக்கொள்ள இடமிருக்காது. ஒரு நோட்டில் பெயர், அனுப்பிய நாள், பதில் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிவர வேண்டும். மாமா பழைய ரயில் பதிவேட்டைப் போலவே கோடு போட்டு, வந்த வண்டி போன வண்டி எழுதுவதைப் போல எழுதிவந்தார்.

காத்திருப்பு ஆறு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். மறுப்பு வந்தால் மனமுடையலாகாது, 'ஏன்?' என்று சண்டைக் கடிதம் எழுதவும் கூடாது. கேத்ரின் ஸ்டாக்கெட் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் தம் 'தி ஹெல்ப்' நாவலுக்கு அறுபது மறுப்புப் பெற்றார். அறுபத்தோராவது முகவர் ஏற்றார். நூல் 2009-இல் வெளிவந்து பல லட்சம் படிகள் விற்றது. ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் அம்மையாரை முதலில் ஒரு முகவர் மறுத்தார். ஏற்ற முகவரும் பன்னிரண்டு பதிப்பகங்களின் மறுப்பைக் கண்ட பின்னரே நூல் 1997-இல் வெளிவந்தது.

இனி எச்சரிக்கை. மாமா மனம் சோர்ந்திருந்த நாளில், அவர் எழுதாமலே ஒருவர் அவருக்கு எழுதினார். தாம் ஒரு முகவர் என்றும், நாவல் உலகப் புகழ் பெறும் என்றும், படித்துப் பார்க்கக் கட்டணம் மட்டும் அனுப்பினால் போதும் என்றும் இனிக்க இனிக்க எழுதியிருந்தார். மாமா ஓய்வூதியத்திலிருந்து 22,000 ரூபாய் அனுப்பினார். அதன்பின் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. இதை எங்களிடம் சொல்லவே அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று. பணம் போனதைவிட, அந்தப் பாராட்டை அவர் நம்பிய அந்த ஒரு வாரம்தான் அவரை வருத்தியது. முன்பு சொன்ன கணக்கை நினைவுகூருங்கள்: எழுத்தாளர் சம்பாதித்த பின்னரே முகவருக்குத் தரகு. இங்கிலாந்தில் 1974-இல் தோன்றிய முகவர் சங்கமும், அமெரிக்க முகவர் சங்கமும் தம் உறுப்பினர் வாசிப்புக் கட்டணம் வாங்கலாகாது என்று விதித்திருக்கின்றன. முன்பணம் கேட்பவர் எவராயினும், எத்துணை இனிமையாகப் பேசினும், கதவைச் சாத்திவிடுவதே அறிவுடைமை.

என்ன ஆயிற்று?

திருத்திய மடலை ஏழேழு பேராகப் பதினான்கு பேருக்கு அனுப்பினோம். மூவர் முதல் ஐம்பது பக்கம் கேட்டனர். அவருள் ஒருவர் நாவல் முழுவதையும் கேட்டார். அந்த மின்னஞ்சலை மாமா எனக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டியபோது அவர் குரல் நடுங்கிற்று.

நான்கு மாதம் கழித்து அவரும் மறுத்துவிட்டார். ஆனால் அது அச்சடித்த மறுப்பன்று. உங்கள் மடல் மழை இரவில் தொடங்குகிறது, நாவலோ கதாநாயகனின் பாட்டனாரில் தொடங்குகிறது. மழை வருவதற்கு எண்பது பக்கம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மடலைப் போலவே நாவலும் தொடங்குமானால் மீண்டும் பார்க்க விரும்புவேன் என்ற பொருள்பட ஒரு பத்தி எழுதியிருந்தார்.

மாமா வருந்துவார் என்று அஞ்சிக்கொண்டே ஊருக்குப் போனேன். அவர் திண்ணையில் கைப்பிரதியைப் பரப்பிவைத்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு அதிகாரங்கள் தனியே கட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன.

"அவங்க சொல்றது சரிதாம்மா. மடல் எழுதினப்பவே எனக்குப் பட்டுது, ஆனா மனசு வரலை. பாட்டனாரைச் சொல்லிக்கிட்டே இருந்தா அந்த ராத்திரிக்குப் போகாமலே இருக்கலாம் பாரு."

இதைவிட நான் சொல்ல என்ன இருக்கிறது? முகவருக்கு மடல் எழுதுவது நூலை விற்கும் தந்திரம் என்று எண்ணித்தான் இவ்வேலையில் இறங்கினேன். அது எழுதியவருக்கே அவர் நூலைக் காட்டிக்கொடுக்கும் என்று அப்போது தெரியாது. என்ன கதை, யார் கதை, இழப்பது என்ன என்பதை ஒரு பக்கத்தில் சொல்ல முடியவில்லையென்றால், முந்நூறு பக்கத்திலும் நாம் அதை இன்னும் சொல்லவில்லை என்றே பொருள்.

இந்த இதழிலே கதை எழுதும் தோழர்களும் தோழியரும் என்றேனும் ஒரு நாள் கடல் கடந்து ஒரு மடல் எழுத நேரலாம். அப்போது விண்ணப்பப் படிவத்தை மறந்துவிடுங்கள். குனிந்து நிற்க வேண்டாம். நெஞ்சை நிமிர்த்தி அதட்டவும் வேண்டாம். நேராக நின்று, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

மாமாவின் நாவல் இப்போது 98,000 சொற்கள். முதல் வரியிலேயே மழை பெய்கிறது. அடுத்த ஏழு மடல்கள் பொங்கல் கழிந்து புறப்படும்.